எட்டு நிமிடத்தில் ஒரு பெரிய ஏரி

மூன்று மாதம் வெயிலிலும் மழையிலும் அலைந்து செய்த ஆய்வு. அதை மேடையில் எடுத்துச் சொல்லக் கிடைப்பதோ சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் கேட்பவர்கள் உங்கள் ஆய்வைப் புரிந்துகொண்டால் உழைப்பு பலித்தது. புரியாமல் போனால், அல்லது வேறுவிதமாகப் புரிந்துகொண்டால், அந்த உழைப்பு இருந்தும் இல்லாதது போலத்தான். இரண்டுக்கும் நடுவில் நிற்பவை எவை? கருவிகளோ வண்ணப் படங்களோ அல்ல. நீங்கள் தேர்ந்தெடுக்கும் சொற்களும், அவற்றைக் கோக்கும் இலக்கணமுமே.

'தமிழ் வகுப்பில் படிக்க வேண்டியதை அறிவியல் பத்திரிகையில் சொல்கிறார்களே!' என்று நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். ஒரு வேற்றுமை உருபு மாறினால் அறிவியல் முடிவே மாறிவிடும் என்பதை இக்கட்டுரையின் முடிவுக்குள் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

1993-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடந்து வருகிறது. 10 வயது முதல் 17 வயது வரையுள்ள மாணவர்கள் தங்கள் ஊரின் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். வழிகாட்டி ஆசிரியரின் துணையுடன் ஆராய்வார்கள். மாவட்ட அளவிலும், பிறகு மாநில, தேசிய அளவிலும் தங்கள் முடிவுகளை எடுத்துரைப்பார்கள். இத்தகைய மாநாட்டுக்கு ஒரு மாணவர் குழு ஆயத்தமாகிறது என்று கற்பனை செய்துகொள்வோம். அவர்களுக்குக் கிடைத்த நேரம் எட்டு நிமிடம். அவர்கள் ஊர் பாரூர்.

ஏரியும் கேள்வியும்

பாரூர், கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள பெரிய ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை ஆறு, ஒசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணையையும், பின்னர் கிருஷ்ணகிரி அணையையும் கடந்து வருகிறது. அதன் கீழே நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகப் பாரூர் ஏரிக்கு நீர் திருப்பப்படுகிறது. ஏரியிலிருந்து கிழக்கு, மேற்கு என இரண்டு பிரதான கால்வாய்கள் புறப்பட்டுச் சுமார் 2,400 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிக்கின்றன. மேலே ஓர் எல்லைப்புறத் தொழில் நகரம், கீழே வயலும் தென்னந்தோப்பும். ஒரே ஆற்று நீர் இரண்டையும் தொட்டு வருகிறது.

ஏரி நிரம்பினால் பக்கத்துக் கிணறுகளில் நீர் ஊறும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதானா என்று அளந்து பார்ப்பதே நம் கற்பனைக் குழுவின் ஆய்வு. அவர்கள் முதலில் எழுதிய உரையின் தொடக்கம் இது. (இதில் வரும் கிணற்றுக் கணக்கு உதாரணத்துக்காகச் சொல்லப்பட்டதே, உண்மையில் எடுத்த அளவு அன்று.)

"வணக்கம். எங்கள் ஆய்வின் தலைப்பு என்னவென்றால், பாரூர் பெரிய ஏரியானது நிரம்புகின்றபொழுது அதனைச் சுற்றிலும் அமைந்துள்ள கிணறுகளில் இருக்கக்கூடிய நீர்மட்டமானது எவ்வாறு மாற்றம் அடைகிறது என்பதைப் பற்றி ஆய்வு மேற்கொள்வது ஆகும். எங்களால் மொத்தம் 12 கிணறுகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, வாரம் ஒருமுறை அளவீடு செய்யப்பட்டது. எல்லாக் கிணறுகளிலும் நீர்மட்டம் உயரவில்லை. ஏரி நிரம்பியதால் கிணறுகளில் நீர் உயர்ந்தது என்று இதன் மூலம் நிரூபிக்கப்பட்டது."

படித்தவுடன் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். நான்கு வாக்கியங்களையும் ஒவ்வொன்றாகச் சோதனைச் சாலைக்கு எடுத்துச் செல்வோம்.

வாலை நறுக்குங்கள்

முதல் வாக்கியத்தில் 22 சொற்கள் இருக்கின்றன. வேலை செய்யும் சொற்கள் எத்தனை? 'ஏரியானது' என்பதில் 'ஆனது' எதற்கு? 'ஏரி' என்றாலே போதும். 'இருக்கக்கூடிய நீர்மட்டம்' என்றால், இல்லாத நீர்மட்டம் என்றும் ஒன்று உண்டா? 'மாற்றம் அடைகிறது' என்பதன் பொருள் 'மாறுகிறது'. 'ஆய்வு மேற்கொள்வது' என்பதன் பொருள் 'ஆராய்வது'. இப்படி வினைச்சொல்லைப் பெயராக்கி அதன் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுவது இன்றைய உரைநடையில் பெரிய தொற்றுநோய். 'அளவீடு செய்தோம்' வேண்டாம், 'அளந்தோம்' போதும். 'பரிசோதனைக்கு உட்படுத்தினோம்' வேண்டாம், 'சோதித்தோம்' போதும்.

இப்போது வாக்கியத்தைத் திருத்துவோம்: "பாரூர் பெரிய ஏரி நிரம்பும்போது சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டம் எப்படி மாறுகிறது? இதுவே எங்கள் கேள்வி." 22 சொற்கள் 12 ஆகிவிட்டன. பொருள் ஏதாவது குறைந்ததா? இல்லை. மேலும், கேள்வியைக் கேள்வியாகவே கேட்டதால் அவையோர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரே பொருளை இரண்டு முறை சொல்வதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. 'சுமார் 20 முதல் 25 வரை' என்பதில் 'சுமார்' மிகை. 20 முதல் 25 என்பதே சுமார்தான். 'நடுமையம்' என்பதில் நடுவும் மையமும் ஒன்றே. 'இதற்குக் காரணம் என்னவென்றால் மழை பெய்ததே காரணம்' என்பதில் காரணம் இரட்டைப் பிள்ளை பெற்றிருக்கிறது.

அளந்தது யார்?

இரண்டாம் வாக்கியத்தில் 'எங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு' என்று வருகிறது. ஆங்கிலத்தில் அறிவியல் கட்டுரைகள் பலவும் செயப்பாட்டு வினையில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து, தமிழிலும் அப்படி எழுதினால்தான் விஞ்ஞானம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தமிழ் வினைமுற்றுக்கு ஒரு வசதி உண்டு. 'அளந்தோம்' என்ற ஒரே சொல்லில் அளந்த செயல், நடந்த காலம், அளந்தவர் யார் என்ற மூன்றும் அடங்கிவிடுகின்றன. இவ்வளவு சிக்கனமான கருவி கையில் இருக்கும்போது 'எங்களால் அளக்கப்பட்டது' என்று ஏன் சுற்ற வேண்டும்?

செயப்பாட்டு வினை எப்போதுமே தவறு என்று எண்ணிவிடாதீர்கள். செய்தவர் யார் என்பது முக்கியமில்லாத இடத்தில் அது பொருந்தும். 'கால்வாய் வழியாக ஏரிக்கு நீர் திருப்பப்படுகிறது' என்று மேலே நாமே எழுதினோம் அல்லவா? திருப்புபவர் யார் என்பது அங்கே நம் கேள்வி இல்லை.

இதே வாக்கியத்தில் ஓர் இலக்கணப் பிழையும் ஒளிந்திருக்கிறது. 'கிணறுகள்... செய்யப்பட்டது' என்பது ஒருமை பன்மை மயக்கம். 'கிணறுகள்' பன்மை, வினையும் 'செய்யப்பட்டன' என்று பன்மையில்தான் முடிய வேண்டும். பேச்சுத் தமிழில் 'மரம் வளந்துச்சு', 'மரங்க வளந்துச்சு' என்று இரண்டுக்கும் ஒரே முடிவைச் சொல்லிப் பழகிவிட்டதால் எழுத்திலும் இது நுழைகிறது.

இங்கே எல்லைப்புற மாணவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்களும் நிறைய உண்டு. தெலுங்கில் ஒரு மரம் இருந்தால் 'செட்டு உந்தி'. பல மரங்கள் இருந்தால் 'செட்லு உன்னாயி'. பேச்சிலும் அவர்கள் ஒருமையையும் பன்மையையும் பிரித்தே சொல்கிறார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் மாணவருக்குத் தமிழ் இலக்கணம் கடினம் என்று யார் சொன்னது? 'உந்தி', 'உன்னாயி' என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் 'இருந்தது', 'இருந்தன' தானே வந்துவிடும்!

எண்ணைச் சொன்ன பிறகு 'கள்' கட்டாயமில்லை. '12 கிணறு', '12 கிணறுகள்' இரண்டும் சரி. ஆனால் வினை பன்மையாகவே இருக்க வேண்டும்: '12 கிணறுகள் இருந்தன'. 'ஒவ்வொரு' என்று தொடங்கினால் ஒருமையே வரும். 'ஒவ்வொரு கிணறுகளிலும்' தவறு. 'ஒவ்வொரு கிணற்றிலும்' என்பதே சரி.

எதை அளந்தார்கள்?

'12 கிணறுகளைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை அளந்தோம்' என்று வாக்கியத்தைச் சுருக்கிவிட்டோம். சுருங்கியது சரி, விளங்கியதா? எதை அளந்தார்கள் என்பது இதில் இல்லையே!

கிணற்றில் நீர்மட்டத்தை அளக்கும்போது, வழக்கமாகக் கயிற்றில் கனமான ஒரு பொருளைக் கட்டி இறக்கி, கிணற்றின் விளிம்பிலிருந்து நீர் வரை உள்ள ஆழத்தைத்தான் அளக்கிறோம். முதல் வாரம் 9 மீட்டர், ஐந்தாம் வாரம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எண் குறைந்திருக்கிறது, நீரோ 3 மீட்டர் மேலே வந்திருக்கிறது! மேடையில் நின்று 'அளவு 9-இலிருந்து 6 ஆகக் குறைந்தது' என்று சொன்னால் கேட்பவர் கிணறு வற்றுகிறது என்று எண்ணுவார். ஆகவே 'விளிம்பிலிருந்து நீர் வரை உள்ள ஆழத்தை அளந்தோம்' என்ற சில சொற்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். சுருக்கம் என்பது தேவையற்றதை நீக்குவதே தவிர, தேவையானதை மறைப்பது அன்று.

அலகும் அப்படித்தான். ஊரில் கிணற்றை அடிக் கணக்கில் பேசுவார்கள். பாடநூலில் மீட்டர் வரும். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே சொல்லுங்கள். 1999-இல் அமெரிக்கா செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய ஒரு விண்கலம், ஒரு குழு பிரிட்டிஷ் அலகிலும் மற்றொரு குழு மெட்ரிக் அலகிலும் கணக்கிட்டதால் அழிந்துபோனது.

எல்லாம் இல்லையா, எதுவும் இல்லையா?

மூன்றாம் வாக்கியத்தைப் பாருங்கள்: "எல்லாக் கிணறுகளிலும் நீர்மட்டம் உயரவில்லை." நான்கே சொற்கள். எழுத்துப்பிழை இல்லை; இலக்கணப்பிழை இல்லை. ஆனால் பொருள் என்ன? சில கிணறுகளில் உயர்ந்தது, சிலவற்றில் உயரவில்லை என்பதா? அல்லது ஒரு கிணற்றில்கூட உயரவில்லை என்பதா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். முதல் பொருளில் ஆய்வு ஓரளவு ஊர்ப் பெரியவர்கள் பக்கம். இரண்டாம் பொருளில் முற்றிலும் எதிர்ப்பக்கம். எழுதியவர் மனத்தில் ஒரே பொருள்தான் இருந்திருக்கும். கேட்பவர் அவர் மனத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாதே!

மருந்து எளிது. எண்ணிக்கையைச் சொல்லுங்கள்: "7 கிணறுகளில் நீர் மேலேறியது, 5 கிணறுகளில் மாறவில்லை." இனி யாரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது. 'எல்லா', 'பெரும்பாலான', 'நிறைய', 'மிகவும்' ஆகிய சொற்கள் வரும் இடத்திலெல்லாம், எண் கையில் இருந்தால் எண்ணைப் போடுங்கள்.

சொல்லின் இடம் மாறினாலும் இதே குழப்பம் வரும். 'புதிய கிணற்றின் மோட்டார்' வேறு, 'கிணற்றின் புதிய மோட்டார்' வேறு. ஏரிப் பறவைகளை எண்ணிய வேறொரு குழு, "கரையில் நின்று நீந்திய வாத்துகளை எண்ணினோம்" என்று எழுதினால் என்ன ஆகும்? கரையில் நின்றுகொண்டே நீந்தும் அதிசய வாத்துகள் பாரூரில் பிறந்துவிடும்! "நீந்திய வாத்துகளைக் கரையில் நின்று எண்ணினோம்" என்று மாற்றினால் வாத்துகள் நீருக்கும் மாணவர்கள் கரைக்கும் போய்விடுவார்கள். எச்சத்தை அது தழுவும் வினைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

'ஆல்' என்னும் பெரிய சொல்

இனி நான்காம் வாக்கியம். "ஏரி நிரம்பியதால் கிணறுகளில் நீர் உயர்ந்தது என்று இதன் மூலம் நிரூபிக்கப்பட்டது." இதில்தான் மிகப் பெரிய பிழை இருக்கிறது. அதை மொழிப்பிழை என்பதா, அறிவியல் பிழை என்பதா?

மூன்று தொடர்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஏரி நிரம்பியபோது நீர் உயர்ந்தது.
ஏரி நிரம்பிய பின் நீர் உயர்ந்தது.
ஏரி நிரம்பியதால் நீர் உயர்ந்தது.

முதல் தொடர் இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன என்கிறது. இரண்டாம் தொடர் ஒன்றன் பின் ஒன்றாக நடந்தன என்கிறது. மூன்றாவது, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்கிறது. முதல் இரண்டையும் கயிற்றாலும் நாட்காட்டியாலும் காட்டிவிடலாம். மூன்றாவதைக் காட்ட அவை போதா. ஏன்? ஏரி நிரம்பும் காலத்தில் பெரும்பாலும் மழையும் பெய்கிறது. மழைநீர் நேரடியாகவே மண்ணில் இறங்கிக் கிணற்றில் ஊறலாம். கால்வாயில் ஓடும் நீரும் வயலில் பாயும் நீரும் ஊறலாம். மழை பெய்ததும் பயிருக்கு இறைப்பதை விவசாயிகள் குறைத்திருக்கலாம். அதனாலும் நீர் மேலேறும்.

ஏரிதான் காரணம் என்று சொல்ல வேண்டுமானால், ஏரியிலிருந்து வெகு தொலைவில், அதே மழை பெறும் இடத்தில், அதே வகை மண்ணில் உள்ள கிணறுகளையும் அளக்க வேண்டும். அங்கே உயராமல் இங்கே மட்டும் உயர்ந்தால் 'ஆல்' போடும் உரிமை ஓரளவு கிடைக்கிறது. பார்த்தீர்களா? ஒரு வேற்றுமை உருபைச் சரியாகப் போடுவதற்கு இன்னும் பல கிணறுகளை அளக்க வேண்டியிருக்கிறது!

'நிரூபித்தோம்' என்பதும் கனமான சொல். தமிழில் உறுதியின் அளவைக் காட்ட அழகான படிகள் உண்டு: 'உயர்த்தியிருக்கலாம்', 'உயர்த்தியிருக்கக்கூடும்', 'உயர்த்தியதாகத் தெரிகிறது', 'உயர்த்தியது'. உங்களிடம் உள்ள சான்று எந்தப் படிவரை ஏறுகிறதோ அந்தப் படியில் நில்லுங்கள். அதற்கு மேல் ஏறினால் நடுவர் ஒரே கேள்வியில் கீழே இறக்கிவிடுவார்.

ஒரு தாளும் ஏழு உயிர்களும்

'இவ்வளவு நுணுக்கம் தேவையா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு துயரமான வரலாறு.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டது. அதில் சென்ற ஏழு பேரில் ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். புறப்பட்டு ஏறத்தாழ 82 வினாடிகளில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் இந்த மோதலை ஆராய்ந்து, திரையில் காட்டும் தாள்களாக மேலதிகாரிகளுக்கு விளக்கினார்கள்.

அத்தாள்களுள் ஒன்று பின்னர் புகழ்பெற்றுவிட்டது. அதன் தலைப்பு நிம்மதி தருவதுபோல் இருந்தது. 'குறிப்பிடத்தக்க' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் அதன் திரிபும் அதில் ஐந்து முறை வந்தன. எவ்வளவு என்று ஓரிடத்திலும் விளக்கமில்லை. மிக முக்கியமான செய்தி தாளின் அடியில் சிறு வரியாகக் கிடந்தது. முன்பு சோதனையில் பயன்படுத்திய துண்டின் அளவு 3 கன அங்குலம். இப்போது மோதிய துண்டின் அளவோ 1,920 கன அங்குலம் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. அதாவது 640 மடங்கு பெரியது! பழைய சோதனையை நம்பி முடிவு சொல்லவே முடியாது என்பதுதான் அதன் பொருள். அது தலைப்பில் இருந்திருக்க வேண்டிய செய்தி.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது விண்ணோடம் சிதறியது. ஏழு பேரும் இறந்தனர். விபத்துக்கு அந்த ஒரு தாள் மட்டும் காரணம் அன்று. தொழில்நுட்பக் குறைகளும் நிர்வாகக் குறைகளும் பல இருந்தன. ஆயினும் விசாரணைக் குழு அந்த ஆண்டு வெளியிட்ட தன் அறிக்கையில் இந்தத் தாளை எடுத்துக்காட்டி, அதைப் படித்த உயர் அதிகாரி ஒருவர் உயிராபத்தை உணராமல் போயிருக்கக்கூடும் என்று சுட்டிக்காட்டியது. முக்கியமான செய்தியை முதலில் சொல், எண்ணாகச் சொல், ஒரு சொல்லை ஒரு பொருளில் மட்டும் சொல். இந்த மூன்று பாடங்களும் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றவை.

நம்மவர் சொன்னது

இவை மேல்நாட்டாரிடமிருந்து வந்த புதுமை என்று எண்ண வேண்டாம். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். அவரை எழுதச் சொன்னவன் சீயகங்கன் என்னும் சிற்றரசன். அவன் கோலாரைத் தொடக்க காலத் தலைநகராகக் கொண்டிருந்த கங்கர் மரபில் வந்தவன். அந்தக் கோலார் கிருஷ்ணகிரிக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால் இருக்கிறது.

நன்னூலின் பாயிரத்தில் ஒரு நூலில் இருக்கக்கூடாத பத்துக் குற்றங்களும், இருக்க வேண்டிய பத்து அழகுகளும் சொல்லப்பட்டுள்ளன. நம் மாணவர்களின் உரையில் 'இருக்கக்கூடிய' என்று வந்தது 'மிகைபடக் கூறல்'. எதை அளந்தோம் என்று சொல்லாமல் விட்டது 'குன்றக் கூறல்'. 'எல்லாக் கிணறுகளிலும் உயரவில்லை' என்பது 'மயங்க வைத்தல்'. மூன்றாம் வாக்கியத்தில் உயரவில்லை என்றுவிட்டு நான்காம் வாக்கியத்தில் உயர்ந்தது என்றது 'மாறுகொளக் கூறல்'. நான்கு வாக்கியங்களுக்குள் நான்கு குற்றங்கள்! பத்து அழகுகளில் 'சுருங்கச் சொல்லல்' ஒன்று. 'விளங்க வைத்தல்' இன்னொன்று. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடக்கூடாது.

கலைச்சொற்களிலும் கவனம் தேவை. 'வெப்பம்' வேறு, 'வெப்பநிலை' வேறு. 'எடை' வேறு, 'நிறை' வேறு. ஏரி நீரில் வெப்பநிலைமானியை வைத்துவிட்டு 'வெப்பம் 28 டிகிரி' என்று சொல்லக்கூடாது. இத்தகைய அறிவியல் சொற்களைத் தமிழில் உருவாக்க முன்வந்தவர்களில் ஒருவர், ஒசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி. அவர் 1916-இல் சேலத்தில் நண்பர் வெங்கடசுப்பையருடன் சேர்ந்து தமிழ் அறிவியல் கலைச்சொல் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானவியல், கணிதம் ஆகிய துறைகளுக்குச் சொற்கள் தேடினார்கள். 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு நூலையும் ராஜாஜி எழுதினார். திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல ரசாயனத்தைச் சொல்ல முடியும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது அல்லவா?

எழுத்துப் பிழையையும் மறந்துவிடாதீர்கள். நீர்மட்டம் 'குறைந்தது' என்பதைச் சார்ட்டில் இடையின ரகரம் போட்டு எழுதினால் நீருக்கு நாயின் குணம் வந்துவிடும். 'ஒலி' காதுக்கு, 'ஒளி' கண்ணுக்கு. மீனுக்குப் போடுவது 'இரை'; கிணற்றிலிருந்து நீரை 'இறை'. 'கிணறு நீர்' அன்று, 'கிணற்று நீர்'. 'ஏரி கரை' அன்று, 'ஏரிக்கரை'.

திருந்திய உரை

இத்தனை சோதனைகளுக்குப் பின் நம் குழுவின் உரை இப்படி ஆகிறது:

"பாரூர் பெரிய ஏரி நிரம்பும்போது சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டம் எப்படி மாறுகிறது? இதுவே எங்கள் கேள்வி. ஏரிக்கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் உள்ள 12 கிணறுகளைத் தேர்ந்தெடுத்தோம். விளிம்பிலிருந்து நீர் வரை உள்ள ஆழத்தை 10 வாரம், வாரம் ஒருமுறை அளந்தோம். ஏரி நிரம்பிய பின் 7 கிணறுகளில் நீர் மேலேறியது. 5 கிணறுகளில் மாறவில்லை. அதே வாரங்களில் மழையும் பெய்தது. ஆகவே ஏரிநீர் ஊறியதும் ஒரு காரணமாக இருக்கலாம். தொலைவில் உள்ள கிணறுகளையும் அளந்தால்தான் இதை உறுதியாகச் சொல்ல முடியும்."

எண்ணிப் பாருங்கள். பழைய உரையில் 45 சொற்கள், புதியதில் 57. கூடிவிட்டதே என்று திகைக்க வேண்டாம். பழைய 45 சொற்களில் கேட்பவருக்குக் கிடைத்தது ஒரு குழப்பமும் ஒரு தவறான முடிவும். புதிய 57 சொற்களில் கேள்வி, இடம், அளந்த முறை, காலம், முடிவு, ஐயம், அடுத்து செய்ய வேண்டியது என்று ஏழு செய்திகள் இருக்கின்றன. ஒரு செய்திக்கு எத்தனை சொல் செலவாகிறது என்பதே சுருக்கத்தின் அளவு.

'எங்கள் ஆய்வு முடியவில்லை' என்று மேடையில் சொன்னால் மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சுகிறீர்களா? தன் முடிவு எங்கே நிற்கிறது என்று தெரிந்து பேசுபவரையே விஞ்ஞானி என்கிறோம். மேலும், இந்த ஆய்வை நம்பி நாளை ஒரு விவசாயி புதுக் கிணறு வெட்டக்கூடும். அவருக்கு நீங்கள் சொல்லும் 'ஆல்' ஒரு சாதாரண உருபு அன்று. பல லட்ச ரூபாய்.

செய்து பாருங்கள்

1. உங்கள் உரையை உரக்கப் படித்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்கள் சொல்கிறீர்கள் என்று கடிகாரம் வைத்து எண்ணுங்கள். 90 என்று வந்தால் எட்டு நிமிடத்துக்கு 720. படத்தைச் சுட்டிக்காட்டவும் மூச்சு வாங்கவும் ஒரு நிமிடம் ஒதுக்கினால் 630. அதற்கு மேல் எழுதாதீர்கள்.

2. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு சொல்லை விரலால் மறைத்துப் படியுங்கள். பொருள் மாறவில்லையென்றால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். மாறினால் விட்டுவையுங்கள்.

3. ஒவ்வொரு 'ஆல்', 'எனவே', 'ஆகவே' மீதும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சான்று எது என்று எழுதுங்கள். சான்று இல்லாத இடத்தில் 'போது' அல்லது 'பின்' என்று மாற்றுங்கள்.

4. மைக்கேல் ஃபாரடே புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். பின்னாளில் லண்டன் ராயல் நிறுவனத்தின் தலைசிறந்த சொற்பொழிவாளர் ஆனவர். தம் உரையில் உள்ள குறைகளைக் குறித்துச் சொல்ல ஒரு நண்பரை அவையில் உட்கார வைப்பாராம். 'மெதுவாக' என்று எழுதிய அட்டை ஒன்றைத் தம் கண்முன் வைத்துக்கொள்வாராம். நீங்களும் ஒரு நண்பரிடம் தாளையும் பென்சிலையும் கொடுத்து உட்கார வையுங்கள்.

5. கடைசியாக ஒரு சோதனை. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும் ஒரு விவசாயியிடம் உங்கள் முடிவை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "நான் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்ல முடியுமா, ஐயா?" என்று கேளுங்கள். நீங்கள் நினைத்ததையே அவர் சொன்னால் உங்கள் வாக்கியம் தேறியது. வேறு எதையாவது சொன்னால் அவர்மேல் குறை இல்லை. வீட்டுக்கு வந்து வாக்கியத்தைத் திருத்துங்கள்.